அக்கா வீட்டில் படுக்காதவன்

எங்கள் வாவியில் பாலம் இல்லாத இடங்களில் ஆட்களை அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் ஏற்றி இறக்குகிற மிதவைக்குப் பாதை என்று பெயர். இரண்டு பெரிய மிதப்புகள், மேலே பலகைத் தட்டு, பின்னால் ஒரு இயந்திரம், அதன் பக்கத்தில் சுக்கான். அந்தச் சுக்கானைப் பிடிப்பதுதான் என் உத்தியோகம். அரசாங்க உத்தியோகம், பென்சன் உண்டு. ஆனால் எனக்குப் பென்சனைவிடப் பெரிய வரும்படி ஆட்களின் கதை. நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவன் இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் பாதையில் ஏறினவர்கள் சொல்லித் தந்தது. நெல் மூட்டையோடு வருகிறவர் ஒரு பழமொழி சொல்வார், மீன் கூடையோடு வருகிற மனிசி அதற்கு எதிர்ப் பழமொழி சொல்வா, கரை வந்து சேர்வதற்குள் நான் இரண்டையும் பிடித்துச் சட்டைப்பைக்குள் போட்டுவிடுவேன்.

சண்டைக் காலம். இந்தக் கரையில் ஒரு ஆட்சி, அந்தக் கரையில் இன்னொரு ஆட்சி. இரண்டு துறையிலும் பையைத் திறந்து காட்ட வேண்டும். நடுவில் இருந்த தண்ணீரை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை, அதை நான் ஆண்டேன்.

அப்படி ஆண்டுகொண்டிருந்த ஒரு நாள், காலை ஒன்பது மணி வெயிலில், சுக்கானைப் பிடித்து நின்றபடியே நித்திரையாகிவிட்டேன். கண் திறந்தபடிதான் இருந்ததாம். பாதையில் ஒரு உழவு இயந்திரம், ஏழெட்டுச் சனம். பாதை மெல்லக் கிறுகித் திரும்பிக் கரையோரக் கண்டல் பற்றைக்குள் போய்ச் சொருகிக்கொண்டது. கொப்பு ஒன்று தலையில் தட்டிய மீன்காரி கத்தினா:

"சுக்கான்காரர்! எங்களக் காட்டுக்குள்ள கொண்டுபோய் வைச்சு என்ன, பொங்கல் பொங்கவா?"

அவவின் சத்தத்தில்தான் நான் முழித்தேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் பயம் பிடித்துவிட்டது. ஏனென்றால் அது முதல் தரம் இல்லை. ஆட்களுக்குத் தெரிந்த முதல் தரம், அவ்வளவுதான்.

வீட்டில் என் மனிசி என்னைப் பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனா. நெஞ்சு வருத்தம் பார்க்கிற கிளினிக்கில் ஒரு பெண் டாக்டர் இருந்தா. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, மனிசியிடம்தான் கேட்டா.

"இவர் நித்திரை கொள்ளேக்க என்ன நடக்குது?"

"குறட்டை டாக்டர். நெல்லு மில் மாதிரி. திடீரெண்டு மில் நிண்டுபோகும். மூச்சே இராது. நான் விலாவில ஒரு குத்துக் குத்துவன். பிறகு தொடங்கும்."

"எவ்வளவு காலமா?"

"கலியாணம் முடிச்ச நாள்ல இருந்து."

டாக்டர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தா. "ஐயா, நீங்கள் இன்னும் உயிரோட இருக்கிறது இவவின்ட முழங்கையால."

நித்திரையில் மூச்சு நின்றுபோகிற வருத்தம். நித்திரை கொண்டாலும் நித்திரை கொள்ளாததுதான், அதனால் பகலில் நின்ற இடத்தில் கண் சொருகும் என்று விளங்கப்படுத்தினா. கண்டிக்கு அனுப்பினார்கள். அங்கே உடம்பெல்லாம் வயர் ஒட்டிப் படுக்க வைத்துப் பரிசோதித்து, பேக்கரியில் சுடுகிற ஒரு இறாத்தல் பாண் அளவில் ஒரு மெசின் வேண்டும் என்று எழுதித் தந்தார்கள். மெசினில் இருந்து ஒரு குழாய். குழாயின் நுனியில் மூக்கை மூடுகிற ஒரு றப்பர் மூடி. தலையைச் சுற்றிப் பட்டி. மெசின் காற்றை ஊதிக்கொண்டே இருக்கும், தொண்டை அடைபடாது, மூச்சு நில்லாது.

சம்பளத்தில் மாதாமாதம் காப்புறுதி என்று ஒரு வரி கழிபடுகிறதே, அது என்னவென்று நான் அன்றுவரை யோசித்ததே இல்லை. மழைக்குக் குடை வாங்கி வைத்துவிட்டு மறந்துபோன ஆள் மாதிரி. டாக்டர்தான் அந்தக் குடையை விரிக்கச் சொன்னா. படிவம் நிரப்பிக் கொடுத்தோம், மெசின் வந்தது.

போட்டுப் படுத்த முதல் நாள் மனிசி பக்கத்தில் குந்தியிருந்து என்னைப் பார்த்துவிட்டு, "பிள்ளையாரே" என்றா. வேண்டிக்கொண்டாவா, என்னைத்தான் கூப்பிட்டாவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு கிழமைக்குள் நான் வேறு மனிசன். பாதையில் நின்று ஒரு கதையை முதலில் இருந்து கடைசி வரை கேட்டேன். முந்தி எத்தனை நல்ல கதைகளின் நடுவில் நித்திரையாகிப் போயிருக்கிறேன் என்று நினைக்க வயிறு எரிந்தது. "தூங்கினவன் கன்று கடாக்கன்று" என்று சும்மாவா சொன்னார்கள்.

ஒரு வருசம் நல்லாய் ஓடியது. பிறகு அந்த றப்பர் மூடியின் விளிம்பு கிழிந்தது. காற்று மூக்குக்குள் போகாமல் கண்ணுக்குள் ஊதியது. குழாயிலும் வெடிப்பு. அறுவடைக் காலத்து நெல்லுத் தூசி ஏறி, மெசினுக்குள் இருந்த பஞ்சு வடிகட்டி கறுத்துப் போயிற்று. இதெல்லாம் வருசத்துக்கு ஒருக்கால் மாற்ற வேண்டிய சாமான்கள், காப்புறுதியிலேயே தருவார்கள், விண்ணப்பம் போடுங்கள் என்று டாக்டர் முன்னமே சொல்லியிருந்தா. நான்தான் நாளைக்கு நாளைக்கு என்று இருந்தேன். சந்தியில் சைக்கிள் திருத்துகிறவரிடம் கொண்டுபோனேன். அவர் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மச்சான், இதுக்குக் காத்து எத்தின அடிக்கிறது?"

"அதை விடு. ஒட்டு."

டியூப் துண்டு வெட்டி, சொலூசன் பூசி ஒட்டித் தந்தார். அதைப் போட்டுப் படுத்தால் பஞ்சர் கடைக்குள் படுத்த மாதிரி மணம். தலையிடி. இரண்டாம் நாளே கழற்றி வைத்துவிட்டேன். மூன்றாம் கிழமை பாதை துறையில் போய் மெல்ல இடித்தது. ஒரு மூட்டை நெல் தண்ணீருக்குள். ஆளுக்கு ஒன்றும் இல்லை.

இந்த முறை பாதைகளுக்குப் பொறுப்பான பொறியியலாளர் கூப்பிட்டார். நல்ல மனிசன், கோபமாகப் பேசவில்லை. அதுதான் கூடப் பயம்.

"மாரி தொடங்கப் போகுது. தண்ணி ஏறினா வாவி எப்பிடி இருக்குமெண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. அதுக்குள்ள புது மூடி போட்டு, வைத்தியம் ஒழுங்கா நடக்குது எண்டு டாக்டரிட்டக் கடிதம் கொண்டுவாங்க. அதுவரைக்கும் லீவில நில்லுங்க. கொண்டுவராட்டி உங்களக் களஞ்சியத்துக்கு மாத்துவன். காவல் வேலை. சம்பளம் குறையாது."

வெளியே வந்ததும் என் கூட்டாளி ஒருவன், "என்ன மச்சான், காவல் வேலை எண்டா நல்லதுதானே, நித்திரை கொள்ளத்தானே சம்பளம்" என்று பகிடி விட்டான். எனக்கு அழுகை வந்தது. அந்தக் களஞ்சியம் எனக்குத் தெரியும். தார்ப் பீப்பாய், கல்லு, துருப்பிடித்த உருளை இயந்திரம். ஒரு மனிசரும் வராத இடம். தார்ப் பீப்பாயோடு என்ன கதைக்கிறது? அது என்ன பழமொழி சொல்லும்?

அன்றைக்கே விண்ணப்பம் போட்டேன். மூடி, குழாய், வடிகட்டி. டாக்டரின் கடிதம், கிழிந்த மூடியின் படம், எல்லாம் வைத்து அனுப்பினோம். மெசின் உரிய ஆளிடம் இருக்கிறதா, ஆள் பாவிக்கிறாரா என்று காப்புறுதிக்காரர் நேரில் வந்து பார்ப்பார்கள், பார்த்த பிறகுதான் புதுச் சாமான் வரும் என்று பதில் வந்தது. நல்லது, வரட்டும் என்று மனிசி அறையைக் கூட்டி, மெசினுக்கு அடியில் வெள்ளைத் துணி விரித்து வைத்தா.

இரண்டு கிழமை ஒருவரும் வரவில்லை. மூன்றாம் கிழமை அக்கா வந்தா.

அக்கா இருப்பது களுதாவளைப் பக்கம், எங்கள் தாய் வீட்டில். பஸ்ஸால் இறங்கி, படலையைத் திறந்து, செருப்பைக் கழற்றும்போதே ஒரு வெற்றிச் சிரிப்பு. கையில் முருங்கைக்காய்க் கட்டு. கதிரையில் இருந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்து, எங்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் கூப்பிட்டு, சத்தத்தைக் குறைத்தா.

"தம்பி, உன்னத் தேடி வந்தாங்கள்."

அந்தக் காலத்தில் அந்த ஒரு வசனத்துக்கு எத்தனையோ வீட்டில் அடுப்பு அணைந்திருக்கிறது.

"ஆரு?"

"ஆர் கண்டா? ஒருத்தன்தான். மோட்டார் சைக்கிள். கழுத்தில படம் போட்ட அட்டை ஒண்டு. கையில பைல். மலைநாட்டுப் பேச்சு. உன்ட பேரச் சொல்லி, 'இவரு இங்கதானே படுக்கிறாரு' எண்டு கேக்கான். பாரு கேள்விய! நான் சொன்னன், இஞ்ச படுக்கிறேல்ல. கலியாணம் முடிச்ச நாள்ல இருந்து இந்த ஊட்டில ஒரு நாள் ராத்தங்கினதில்ல, வேணுமெண்டா அக்கம்பக்கம் கேட்டுப் பாருங்க எண்டு."

மனிசி என்னைப் பார்த்தா. நான் மனிசியைப் பார்த்தேன்.

"'அப்ப எங்க படுக்கிறாரு' எண்டான். எங்களுக்குத் தெரியாது தம்பி எண்டன். 'மெசின் எங்க' எண்டான். இந்த ஊட்டில தையல் மெசின் ஒண்டுதான் இரிக்கி, வாங்க, பாருங்க எண்டு உள்ளுக்குக் கூட்டிற்றுப் போய்க் காட்டினன். எழுதினான், எழுதினான், எழுதிக்கொண்டே இருந்தான். பாவம், வெயில்ல வந்தவன், தேத்தண்ணி குடுத்துத்தான் அனுப்பினன். எதையும் நான் வெளிய விடல்ல. உன்னக் காப்பாத்திட்டன் தம்பி!"

மனிசி மெல்லக் கேட்டா, "மச்சாள், அவர் எங்க இருந்து வந்தவர் எண்டு சொன்னவரா?"

"காப்புறுதி எண்டு சொன்னான். சொல்லுவான்தானே! ஆர்தான் உண்மையச் சொல்லிக்கொண்டு வாறாங்கள்?"

நான் தலையில் கைவைத்துக்கொண்டு நிலத்தில் இருந்தேன். அக்கா என் முகத்தைப் பார்த்தா, மனிசியின் முகத்தைப் பார்த்தா, அவவின் சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கியது.

அக்காவில் பிழை இல்லை. எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி. வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடிந்த ஆண் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போய்விடுவான். தாய் வீட்டில் சகோதரியும் அவளின் புருசனும். நான் அங்கே போனால் சோறு தின்னலாம், கொய்யாப்பழம் பறிக்கலாம், அத்தானோடு வட்டைக்குப் போய் வயலைப் பார்த்துவிட்டு வரலாம். ஆனால் படுக்கக் கூடாது. கலியாணம் முடித்தவன் சகோதரி வீட்டில் பாயை விரித்தால் பெண்டாட்டி துரத்திவிட்டாள் என்று ஊர் எழுதி ஒட்டிவிடும். அக்கா அந்த மனிசனுக்குச் சொன்னது பொய்யே இல்லை, குடும்ப மானம்.

பிழை என்னுடையது. உத்தியோகத்தில் சேர்ந்தபோது நான் கலியாணம் முடிக்காதவன். தாய் வீட்டு விலாசத்தை எழுதிக் கொடுத்தேன். அடையாள அட்டையிலும் அதுதான். பிறகு நான் வீடு மாறினேன், பைல் மாறவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என் ஏட்டு விலாசம் நித்திரைக்கு உதவவில்லை.

பத்து நாளில் கடிதம் வந்தது. அதில் இருந்த வசனம் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம்: "குறித்த நபர் மேற்படி விலாசத்தில் உறங்குவதில்லை. அவர் எங்கு உறங்குகிறார் என்பது குடும்பத்தினருக்குத் தெரியாது. உபகரணம் காணப்படவில்லை. ஆகவே மாற்றுப் பொருட்கள் வழங்க இயலாது." மெசின் எங்கே போயிற்று என்று விளக்கமும் கேட்டிருந்தார்கள்.

நான் ஒரு புத்தி யோசித்தேன். வழி குறுக்கென்றால் மூளையும் குறுகிப்போகும். மெசினைப் பெட்டியில் போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய், ஒரு பகல் அங்கேயே படுத்து, அந்த மனிசனைத் திரும்பக் கூப்பிட்டுக் காட்டிவிட்டால் என்ன? மனிசிக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் பெட்டியை எடுத்துத் தந்தா.

பஸ் தரிப்பில் இறங்கி அக்கா வீட்டுக்கு நடக்க ஐந்து நிமிசம். அதற்குள் மூன்று பேர் பெட்டியைப் பார்த்தார்கள். நான் போய்க் கதிரையில் இருக்க, அக்கா தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைக்க, அது கொதிக்க முதல் பக்கத்து வீட்டு மனிசி வேலிக்கு மேலால் எட்டினா.

"என்ன தம்பி, பெட்டியோட?"

"சும்மாதான்."

"ஆம்பிள பெட்டியோட சும்மா வருவானா? என்ன, சண்டையா? அவ நல்ல புள்ளதானே. நீ என்னத்தச் சொன்னாய்?"

அவ போய்க் கால் மணித்தியாலத்தில் கோயில் பக்கமிருந்து எங்கள் குடியில் மூத்தவர் ஒருவர் வந்து, கதிரையில் இருந்து, கைத்தடியை மடியில் வைத்து, "நான் வந்து அவட ஆக்களோட கதைக்கிறன் மகன், ஒண்டுக்கும் யோசிக்காத" என்றார். நான் மெசினைப் பற்றிச் சொன்னேன். மூச்சைப் பற்றிச் சொன்னேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "ஓம் ஓம், கோவத்தில மூச்சு முட்டத்தான் செய்யும்" என்றார்.

அக்கா குசினிக்குள் இருந்து வந்து பெட்டியைத் தூக்கி என் கையில் வைத்தா.

"எழும்பு. உன்ட மூக்குக்காக என்ட மூக்க அறுக்காத. போ ஊட்ட."

பின்னேர பஸ்ஸில் திரும்பி வந்தேன். எனக்கு முன்னமே கதை வந்து சேர்ந்திருந்தது. மனிசி படலையில் நின்று, "என்னை விட்டிட்டுப் போனீங்களாமே" என்று சிரித்தா. சிரித்ததால் நான் பிழைத்தேன்.

மழை மேகம் கடல் பக்கம் கூடத் தொடங்கிவிட்டது. அதுக்கு மறுகா மனிசிதான் நேர்வழி சொன்னா. "பட்டணத்தில காப்புறுதிக்காரங்கட கந்தோர் இரிக்கிதானே. மெசினையும் தூக்கிக்கொண்டு நேர போவம். மச்சாளும் வரட்டும். ஆர் சொன்னாவோ அவதான் வந்து சொல்ல வேணும்."

அக்காவைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரிய பாடு. அவவுக்குப் பயம். "முதல் ஒண்டு சொல்லிப் பிறகு வேற ஒண்டு சொன்னா என்ன செய்வாங்கள் எண்டு உங்களுக்குத் தெரியாதா? ஒருக்காச் சொன்னா அதிலேயே நிக்க வேணும்." அந்தப் பயத்தை நாங்கள் பகிடி பண்ண முடியாது. அது அந்தக் காலத்தில் எல்லாரும் படித்த பாடம். களஞ்சியத்தைப் பற்றி மட்டும் சொன்னேன். தார்ப் பீப்பாய்களைப் பற்றிச் சொன்னேன். அக்கா முந்தானையை உதறிச் சொருகிக்கொண்டா.

"கதைக்க ஆளில்லாட்டி நீ செத்துப்போவாய்" என்றா. "சரி, எத்தின மணி பஸ்?"

ஊர்ப் பதிவு பார்க்கிற விதானையிடம், நான் மனிசி வீட்டில்தான் குடியிருக்கிறேன் என்று ஒரு கடிதம் எடுத்துக்கொண்டோம். வாக்காளர் பட்டியலில் என் பெயர் அந்த வீட்டில்தான் இருந்தது. ஒரு ஏடு மறந்ததை இன்னொரு ஏடு நினைவு வைத்திருந்தது. சோதனைச் சாவடியில் மெசின் பெட்டியைத் திறந்தபோது அக்காவே முன்னுக்குப் போய், மூடியைத் தன் மூக்கில் வைத்துக் குறட்டை விட்டுக் காட்டினா. ஆமிக்காரப் பையன் சிரித்து, போகச் சொன்னான். சிங்களத்திலும் குறட்டை குறட்டைதான்.

கந்தோரில் இருந்த உத்தியோகத்தர் காத்தான்குடிக்காரர். ஐம்பது வயது மட்டில், தலையில் தொப்பி, மூக்கு நுனியில் கண்ணாடி. பைலை எடுத்து அந்த வசனத்தை ஒருக்கால் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரும்ப வாசித்தார்.

"இது ஆரு சொன்னது?"

"நான்தான்" என்றா அக்கா. கதிரை இருந்தும் இருக்கவில்லை, நின்றபடி. "என்ட ஊட்டில படுக்கிறேல்ல எண்டுதான் சொன்னன். அவன் ஏன் என்ட ஊட்டில படுக்கணும்? அவனுக்குப் பொண்டாட்டி இல்லையா, ஊடு இல்லையா?"

உத்தியோகத்தர் பைலை மேசையில் வைத்தார். அவர் தோள் குலுங்கத் தொடங்கியது. பிறகுதான் சத்தம் வந்தது. சிரித்துச் சிரித்து, பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு அந்த வசனத்தை வாசித்துக் காட்டி, மறுபடியும் சிரித்தார்.

"அக்கா, இருங்க முதல்ல. என்ட அடையாள அட்டையப் பாருங்க." எடுத்துக் காட்டினார். "இது என்ட உம்மாட ஊடு. அங்க இப்ப தங்கச்சியும் மச்சினனும். நான் இரிக்கிறது பொண்டாட்டிட ஊட்டில. ஒரு ரெண்டு மணித்தியாலம் மழைக்கு ஒதுங்கி உம்மாட ஊட்டில கண் அசந்தாலும், பள்ளிவாசல் வரைக்கும் கத போயிரும். அந்த மனிசன் பதுளைக்காரர். அவரு அறியமாட்டாரு. அங்க ஆம்பிள தாய் ஊட்டிலதான் இரிப்பான்."

"நல்ல மனிசன்தான்" என்றா அக்கா. "தேத்தண்ணிக்குச் சீனி போதுமெண்டு சொன்னவர்."

பிறகு உத்தியோகத்தர் வேலையில் இறங்கினார். மெசினை மேசையில் வைத்து, சுவரில் இருந்த மின்சாரத்தில் சொருகி, அதன் பொத்தானை அமத்தினார். எத்தனை மணித்தியாலம் ஓடியிருக்கிறது என்று சின்னத் திரையில் காட்டும். நாங்கள் மூன்று பேரும் அந்தத் திரையைப் பரீட்சை முடிவு பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"மூடி கிழியிற வரைக்கும் நல்லாத்தான் பாவிச்சிரிக்கீங்க. நடுவுல நடுவுல ஓடாத நாளும் இரிக்கே?"

"கரண்ட் இல்லாத நாள்" என்றா மனிசி. "அந்த நாள்ல என்ட முழங்கைதான்."

அவர் அதை எழுதினாரா தெரியாது. டாக்டரின் கடிதம், விதானையின் கடிதம், கிழிந்த மூடி எல்லாவற்றையும் பார்த்தார். சைக்கிள் டியூப் ஒட்டை விரலால் தடவி, "இது நம்மட ஆக்கள்ற வேலதான்" என்றார். கடைசியில் ஒரு தாளை எடுத்து அக்காவின் வாக்குமூலத்தை எழுதினார். தன் சகோதரன் தன் வீட்டில் வசிப்பதில்லை என்றும், மனைவியின் வீட்டில் வசிப்பதே இப்பகுதி வழக்கம் என்றும், உபகரணம் அங்கேயே உள்ளது என்றும். வாசித்துக் காட்டி, "கையெழுத்துப் போடுங்க" என்றார்.

அக்கா பேனையை வாங்கவில்லை.

"இன்னும் ஒண்டு எழுதுங்க."

"என்ன?"

"என்ட தம்பி பொண்டாட்டியோட சந்தோசமா இரிக்கான் எண்டு எழுதுங்க."

"அக்கா, காப்புறுதிக்கு அது தேவையில்ல."

"உங்களுக்குத் தேவையில்ல. இந்தத் தாள் கொழும்புக்குப் போகும். எத்தின பேர் வாசிப்பாங்க? வாசிக்கிறவன் என்ன நினைப்பான்? எழுதினாத்தான் கையெழுத்து."

மனிசி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டா. உத்தியோகத்தர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அவர் பெருமூச்சு விட்டு, கண்ணாடியைச் சரிசெய்து, தன் அழகான கையெழுத்தில் எழுதினார்: "எனது சகோதரர் தமது மனைவியுடன் மிகவும் மகிழ்ச்சியாக வாழ்ந்து வருகிறார்." 'மிகவும்' என்பது அவர் தன் பங்குக்குப் போட்டது. அக்கா எழுத்துக் கூட்டி வாசித்துப் பார்த்து, பிறகுதான் கையெழுத்துப் போட்டா.

விலாசத்தை மாற்றுவதற்கு வேறு படிவம், அதற்கு வேறு கந்தோர், வேறு காலம். அதனால் அந்தப் புது மூடியும் குழாயும் பழைய விலாசத்துக்கே போயின. முதல் மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் அக்கா பொதியைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தா. மனிசிதான் பிரித்தா. கண்ணாடி மாதிரிப் புதிய மூடி. பட்டி இறுக்கமாக, விளிம்பு மெத்தென்று. அதைப் போட்டு நான் படுத்த நித்திரையை என்னவென்று சொல்ல. "நித்திரை சுகம் அறியாது" என்பார்கள். பொய். அறியும்.

கிழமை ஒன்று போக டாக்டரிடம் கடிதம் எடுத்துக்கொண்டு பொறியியலாளரிடம் போனேன். வாசித்தார், மடித்துப் பைலில் வைத்தார். "நாளைக்குக் காலமை பாதைக்குப் போங்க" என்றார். அவ்வளவுதான். நான் அந்தக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, ஒழுங்கை முனையில் நின்று கொஞ்ச நேரம் தனியே சிரித்தேன்.

அடுத்த நாள் அக்காவும் வந்தா. அந்தக் கரையில், படுவான்கரையில், வயதுக்கு வந்த ஒரு பிள்ளையின் சாமத்தியச் சடங்குக்குப் போகிறேன் என்று சொன்னா. என் கண்ணைக் காவல் பார்க்க வந்தவ என்பது எனக்குத் தெரியும். சுக்கானுக்கு நேரே முன்னால் ஒரு நெல் மூட்டையில் இருந்தா. தண்ணீர் ஏறி, கலங்கி, வாவி அகன்று கிடந்தது. பாதையில் பத்துப் பன்னிரண்டு சனம். நடுவாவிக்குப் போக முதலே அக்கா காவலை மறந்துவிட்டா. பக்கத்தில் இருந்த தயிர்க்காரி ஒருத்தி, "இவர்தானா நித்திரைக்காரர்?" என்று கேட்டதுதான் தாமதம்.

"நித்திரைக்காரனா? இவன்ட கத தெரியுமா உனக்கு? ஒருநாள் என்ட ஊட்ட ஒருத்தன் வந்தான்..."

மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் இப்போது மூன்று பேராகியிருந்தார்கள். பைல் இரண்டு. தையல் மெசினைத் திறந்து பார்த்தார்களாம். நான் திருத்தவில்லை. கதை சொல்கிறவரின் கையைப் பிடிக்கக் கூடாது, அது சுக்கானைப் பிடிப்பது மாதிரி அவரவர் வேலை. இயந்திரச் சத்தத்துக்கு மேலால் அக்கா கத்திச் சொல்ல, ஆட்கள் மூட்டைகளைத் தள்ளித் தள்ளிக் கிட்ட வந்தார்கள். காத்தான்குடி உத்தியோகத்தர் கையெழுத்துக்குப் பேனையை நீட்டுகிற இடம் வந்தபோது கரை வந்துவிட்டது. நேராக, ஒரு இடியும் அசுமாத்தமும் இல்லாமல் துறையில் கொண்டுபோய் வைத்தேன்.

ஒருவரும் எழும்பவில்லை.

"இறங்குங்க, இறங்குங்க" என்றேன்.

"கொஞ்சம் பொறுங்க ஐயா" என்றா தயிர்க்காரி. "மறுகா அக்கா, கையெழுத்துப் போட்டீங்களா, இல்லையா?"

அந்தப் பக்கத்துக் காவல்காரர் துறையில் இருந்து, என்ன பிரச்சினை என்று கேட்டார். பிரச்சினை ஒன்றும் இல்லை, கதை முடியவில்லை என்றேன். புறப்பட்ட கரையில் ஆட்கள் காத்து நின்றார்கள். நான் திருப்பிவிட்டேன். தயிர்க்காரியும் இன்னும் மூன்று பேரும் இறங்காமலே, வந்த கரைக்கே எங்களோடு திரும்பி வந்தார்கள். அக்கா கடைசி வரை சொன்னா. அக்காவுக்குச் சடங்குக்கும் மற்றவர்களுக்கு அவரவர் வேலைக்கும் பிந்திப் போயிற்று.